பழைய தீயணைப்பு நிலையத்தை என்ன செய்வது?

உலகின் பல பெருநகரங்களில் 1890-லிருந்து 1910-க்குள் கட்டப்பட்ட தீயணைப்பு நிலையங்கள் இன்னும் நிற்கின்றன. குதிரை வண்டிக்காகக் கட்டியவை. வாசல் குறுகலாக இருக்கும், தரை இரண்டு மூன்று டன் எடைக்கு மேல் எதிர்பார்த்திருக்காது. இன்றைய தீயணைப்பு வண்டி தொட்டியில் தண்ணீரோடு பதினைந்து டன்னைக்கூடத் தாண்டலாம். ஏணி வண்டி என்றால் இன்னும் நீளம், இன்னும் எடை. ஆகவே எல்லா ஊரிலும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வருகிறது: இந்தக் கட்டடத்தை என்ன செய்வது? பெரும்பாலும் முதலில் வரும் பதில், மியூசியம் ஆக்கிவிடலாம் என்பது. ஆனால் மியூசியம் ஆக்குவதில் பல வழி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் கிடைப்பது வேறு, இழப்பது வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை செய்யும் தீயணைப்பு வீரர்கள் பக்கத்தில் இருக்கும் மியூசியமே சிறந்தது. கட்டடமா, வீரர்களா என்று ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலை வந்தால் நான் வீரர்கள் பக்கம்தான் நிற்பேன். ஏன் என்பதற்குச் சில ஊர்களை எடுத்து வைத்துப் பார்க்கலாம்.

சிங்கப்பூரிலிருந்து தொடங்குவோம். ஹில் ஸ்திரீட்டில் இருக்கும் மத்திய தீயணைப்பு நிலையம் 1908-ல் கட்டி முடிக்கப்பட்டது. இன்று அந்நாட்டில் இருக்கும் தீயணைப்பு நிலையங்களில் மிகப் பழையது இதுதான். நகர மண்டப எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சிவப்புச் செங்கல் ஒரு வரிசை, வெள்ளைப் பூச்சு ஒரு வரிசை என்று மாறி மாறி வரும் சுவர், கீழே வண்டிகள் புறப்படும் வளைவு வாசல்கள், மேலே ஒரு காவல் கோபுரம். தொலைபேசியும் தானியங்கி எச்சரிக்கை மணியும் பரவாத காலத்தில் அந்தக் கோபுரத்தில் ஆள் நின்று ஊரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். புகை எழுந்தால் அவர்தான் முதல் தகவல். நனைந்த துணிக் குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்தவும் அதே கோபுரம்தான் உதவியது. கேன்வாஸ் குழாயை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கி, அடுத்த தீயில் வெடித்துவிடும். செயற்கை நூல் குழாய்கள் வந்த பிறகு அந்த வேலை போயிற்று, கோபுரம் மட்டும் நிற்கிறது.

1998-ல் இது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2001-ல் கட்டடத்தின் ஒரு பகுதியில் குடிமைத் தற்காப்பு மரபுடைமைக் காட்சிக்கூடம் வந்தது. இங்கேதான் முக்கியமான முடிவு இருக்கிறது: வண்டிகளை வெளியேற்றவில்லை. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் நிலையமாக அது தொடர்ந்தது. ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் மெரிவெதர் என்ற தீயணைப்புக் கருவி நிறுவனத்தின் பழைய நீராவி எந்திரம், இன்னொரு பக்கம் அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கும் வண்டி.

அந்த நீராவி எந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடுவில் நிமிர்ந்து நிற்கும் கொதிகலன், அதற்குக் கீழே அடுப்பு, முன்னால் பித்தளை பம்பு. அழைப்பு வந்தவுடன் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே தெருவில் ஓட வேண்டும். தீப்பிடித்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் போதுமான நீராவி அழுத்தம் வந்திருந்தால்தான் பம்பு வேலை செய்யும். அதற்காகப் பல நாடுகளில் நிலையத்தில் இருக்கும்போதே கொதிகலன் தண்ணீரைச் சூடாக வைத்திருந்தார்கள், அடுப்பில் விறகையும் சுள்ளியையும் முன்கூட்டியே அடுக்கி வைத்திருந்தார்கள். நெருப்பை அணைக்கப் போகிறவர்கள் கையோடு ஒரு நெருப்பைக் கொண்டு போனார்கள். இதை ஒரு பலகையில் எழுதி வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். ஆனால் பத்தடி தள்ளி இன்றைய வண்டியின் பக்கத்தில் ஒரு வீரரின் பூட்ஸ் வைக்கப்பட்டிருக்கும். அதன் மேல் கால்சட்டை மடித்து இறக்கிவிடப்பட்டிருக்கும். ஓடி வந்து இரண்டு காலையும் பூட்ஸுக்குள் விட்டு இழுத்தால் கால்சட்டையும் சேர்ந்து ஏறிவிடும். அந்தப் பூட்ஸையும் அந்த அடுப்பையும் ஒரே பார்வையில் பார்க்கும் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டுமே நொடிகளை மிச்சப்படுத்தும் ஏற்பாடுதான் என்று தானாகப் புரியும்.

சிங்கப்பூர் வழியின் இன்னொரு பலம், அது பெரிய விபத்துகளை அந்த ஊரின் சரித்திரத்தோடு சேர்த்துச் சொல்ல முடிவது. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைப் பகுதியில் பற்றிய தீ ஏறக்குறைய 16,000 பேரை வீடிழக்கச் செய்தது. நான்கு பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டிருந்தது. அந்தத் தீக்குப் பிறகு அடுக்குமாடி வீடுகள் எவ்வளவு வேகமாக எழுந்தன என்பது சிங்கப்பூர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. 1972 நவம்பரில் ராபின்சன்ஸ் கடைத்தொகுதி எரிந்தபோது ஒன்பது பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் மின்தூக்கிக்குள் சிக்கி. தீ விபத்தில் மின்தூக்கியைப் பயன்படுத்தாதீர்கள் என்று இன்று எல்லாக் கட்டடத்திலும் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். 1986-ல் நியூ வேர்ல்ட் ஹோட்டல் இடிந்து 33 பேர் இறந்தார்கள். இடிபாட்டிலிருந்து 17 பேரை உயிரோடு மீட்டார்கள். தீயணைப்பு என்ற வேலை மீட்புப் பணி என்று விரிந்ததன் கதை இந்த மூன்று சம்பவங்களிலேயே இருக்கிறது.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. வேலை செய்யும் நிலையத்தில் மியூசியத்துக்கு இரண்டாம் இடம்தான். இடம் சிறிது, திறப்பு நேரம் படையின் வசதியைப் பொறுத்தது, சைரன் ஒலித்தால் பார்வையாளர் சட்டென்று ஒதுங்க வேண்டும். புதிதாக ஒரு பெரிய வண்டியை வாங்க வேண்டும் என்றால் நினைவுச்சின்னத்தின் வாசலை இடித்து அகலப்படுத்த முடியாது. வண்டியைக் கட்டடத்துக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். தீயணைப்புத் துறைக்கு இது நிஜமான சுமை. பார்வையாளருக்கு அது தெரியாது, ஆனால் முடிவு எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி, வண்டிகளை வெளியே எடுத்துவிட்டு முழுக் கட்டடத்தையும் மியூசியம் ஆக்குவது. அமெரிக்காவில் இதுதான் அதிகம். நியூயார்க்கில் ஸ்பிரிங் ஸ்ட்ரீட்டில் 1904-ல் கட்டிய 30-ஆம் எண் எஞ்சின் கம்பெனியின் (தீயணைப்பு வண்டியும் அதன் வீரர்களும் சேர்ந்த குழு) நிலையம் 1987-ல் நகரத் தீயணைப்பு மியூசியம் ஆயிற்று. ஹூஸ்டனில் 1899-ல் கட்டிய 7-ஆம் எண் நிலையம் 1982-ல் மியூசியம் ஆனது. மெம்பிஸில் 1910-ல் கட்டிய முதல் எண் நிலையம் 1998-ல். டென்வர், சின்சினாட்டி, ஃபிலடெல்ஃபியா என்று பட்டியல் நீளும்.

இந்த வழியில் கிடைக்கும் பெரிய லாபம் இடமும் அமைதியும். கட்டடமே ஒரு காட்சிப்பொருள் ஆகிறது. குதிரைகள் நின்ற இடம், மேலே வைக்கோல் வைத்த தட்டு, வீரர்கள் படுத்த அறை, அங்கிருந்து கீழே இறங்கும் பித்தளைக் கம்பம். அந்தக் கம்பத்துக்கும் பிறந்த ஊர் உண்டு: 1878-ல் சிகாகோவில், 21-ஆம் எண் எஞ்சின் கம்பெனியின் கேப்டன் டேவிட் கென்யன் மரக்கம்பம் ஒன்றை நட்டுத் தொடங்கினார். அவருடைய கம்பெனியில் இருந்தவர்கள் கறுப்பின வீரர்கள். மற்ற கம்பெனிகள் முதலில் கேலி செய்தன, பிறகு அவர்கள் எப்போதும் முன்னால் போய்ச் சேர்வதைப் பார்த்துத் தாங்களும் கம்பம் நட்டன. அமெரிக்க நிலையங்களில் குதிரைகளுக்குச் சேணம் மேற்கூரையிலிருந்து தொங்கும். மணி அடித்தால் பழகிய குதிரைகள் தாமாக வண்டிக்கு முன்னால் வந்து நிற்கும், சேணத்தை இறக்கிப் பூட்டிவிடுவார்கள். இதையெல்லாம் உரிய இடத்தில் நின்று பார்க்க வேண்டுமென்றால் கட்டடம் முழுதும் வேண்டும்.

நியூயார்க் மியூசியத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் நகரத் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. அவர்களுக்கான நினைவிடம் அந்தப் பழைய நிலையத்துக்குள் அமைக்கப்பட்டது. துக்கத்துக்கு அமைதியான அறை வேண்டும். பக்கத்தில் வண்டி புறப்பட்டுக்கொண்டிருந்தால் அங்கே நின்று ஒரு பெயரைப் படிக்க முடியாது. முழு மியூசியம் என்ற வழிக்கு ஆதரவாக எனக்குத் தெரிந்த வலுவான வாதம் இதுதான், இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் செலவு? பழைய தீயணைப்பு நிலையம் பொதுமக்கள் கூட்டமாக வந்து போவதற்காகக் கட்டப்பட்டது அல்ல. மரப்படிகள், ஒரே வெளிவாசல், மாடிக்கு லிஃப்ட் கிடையாது. இரண்டாவது வெளியேறும் வழி, சக்கர நாற்காலிக்கான வசதி, புகை உணர்கருவி, தெளிப்பான் எல்லாம் போட வேண்டும். மற்ற எந்த மியூசியத்திலாவது இதில் அலட்சியம் இருந்தால் பொறுக்கலாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் தீயணைப்பு மியூசியத்தில் அது மன்னிக்க முடியாதது. கம்பம் இறங்கும் ஓட்டையை மூட வேண்டும் அல்லது வேலி போட வேண்டும். முதல் வாரத்திலேயே ஏதாவது ஒரு பிள்ளை அதில் இறங்கப் பார்க்கும்.

காட்சிப்பொருள்களிலும் ஆபத்து இருக்கிறது. அந்தக் கால வீரர்களின் கையுறை, முகமூடித் துணி, தீப்போர்வை பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. கண்ணாடிக் குண்டு மாதிரி இருக்கும் பழைய அணைப்பான்களைப் பார்த்திருப்பீர்கள். நெருப்பில் வீசி உடைப்பதற்கானவை, நீலம், பச்சை, அம்பர் நிறங்களில் பார்க்க அவ்வளவு அழகு. ஆரம்பத்தில் அவற்றில் உப்புத் தண்ணீர்தான் இருந்தது, பின்னால் வந்தவற்றில் கார்பன் டெட்ராகுளோரைடு. அது நச்சு. சூடான இடத்தில் உடைந்தால் அதிலிருந்து பாஸ்ஜீன் வாயு வரும், முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு. இவற்றைக் கையாளத் தெரிந்த பராமரிப்பாளர் சம்பளத்துக்கு இருக்க வேண்டும். ஆர்வலர்கள் பித்தளையைத் துலக்குவார்கள், அதற்காக அவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் இந்த வேலையை அவர்கள் தலையில் கட்டக்கூடாது.

அதைவிடப் பெரிய பிரச்சினை பத்து இருபது வருடம் கழித்து வருகிறது. மியூசியத்தைத் தொடங்கி வைத்த ஓய்வுபெற்ற வீரர்களுக்கு வயதாகிவிடும். அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவர் ஒருவரும் இல்லாமல் போகும் நாள் வரும். பாஸ்டனில் காங்கிரஸ் ஸ்ட்ரீட்டில் 1891-ல் கட்டிய நிலையத்தைத் தீயணைப்பு ஆர்வலர் சங்கம் ஒன்று மியூசியமாக நடத்துகிறது. உலகில் முதன்முதலாகத் தந்தி வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்பும் முறையை 1852-ல் அமைத்த ஊர் அது. தெருமுனைப் பெட்டியின் கைப்பிடியை இழுத்தால் பெட்டியின் எண் நிலையத்தில் மணியாக ஒலிக்கும். மணியை எண்ணியே எந்தத் தெரு என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். கருவியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிவிடலாம். அந்த எண்ணிக்கையைக் காதால் பிடிக்கும் பழக்கம் ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போகும்.

மூன்றாவதாக மெல்போர்ன். ஈஸ்டர்ன் ஹில் தலைமை நிலையம் 1893-ல் திறந்தது, ஏறக்குறைய 46 மீட்டர் உயரக் காவல் கோபுரத்தோடு. 1970-களின் முடிவில் அதன் பக்கத்திலேயே புதிய நிலையத்தைக் கட்டினார்கள். வண்டிகள் புதிய இடத்துக்குப் போயின, பழைய கட்டடத்தில் விக்டோரியா மாநிலத் தீயணைப்பு மியூசியம் அமைந்தது. புதிய கட்டடத்தின் சுவரில் ஹரால்ட் ஃப்ரீட்மன் செய்த, நெருப்பின் கதையைச் சொல்லும் பெரிய மொசைக் ஓவியம் இருக்கிறது.

இது எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று நினைத்துப் பாருங்கள். துறைக்கு வேண்டிய அகலமான வாசல் கிடைத்தது. பழைய கட்டடத்தின் மீது இடிக்கவும் மாற்றவும் நெருக்கடி இல்லை. அதே நேரம் பக்கத்துக் கட்டடத்திலிருந்து சைரன் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பணியிலிருக்கும் வீரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம், ஓய்வுபெற்றவர் வந்து உட்காரலாம், சேகரிப்பில் ஒரு பொருளுக்கு விளக்கம் தேவைப்பட்டால் கேட்க ஆள் பக்கத்தில் உண்டு. எனக்கு இதில் ஒரே தயக்கம்: எல்லா ஊரிலும் நிலையத்துக்குப் பக்கத்தில் காலி மனை இருக்காது. நகர நடுவில் அந்த மனைக்கு இன்று என்ன விலை என்று சொல்லத் தேவையில்லை. மெல்போர்ன் சரியான காலத்தில் முடிவெடுத்தது. 1970-களில் செய்ததை இன்று தொடங்க நினைக்கும் ஊருக்கு அது எட்டாக்கனியாக இருக்கலாம்.

எடின்பரோ எடுத்த முடிவு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 1824-ல் உலகின் முதல் நகராட்சித் தீயணைப்புப் படைகளில் ஒன்று அங்கே உருவானது. தலைவராகப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் பிரெய்ட்வுட் அப்போது இருபதுகளின் நடுவில்கூட இல்லை. தெருவில் நின்று தண்ணீர் அடித்தால் போதாது, எரியும் கட்டடத்துக்குள் போய் நெருப்பின் மூலத்தில் அடிக்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்தவர் அவர். பின்னர் லண்டன் படைக்குத் தலைமை தாங்கி, 1861-ல் டூலி ஸ்ட்ரீட் பெருந்தீயில் சுவர் இடிந்து விழுந்து இறந்தார். அந்த ஊருக்கு இப்படி ஒரு பாரம்பரியம். 1900-ல் லாரிஸ்டன் பிளேஸில் கட்டிய தலைமை நிலையத்தில் நெடுங்காலம் மியூசியம் இருந்தது. பிறகு கட்டடம் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. மியூசியம் அதோடு முடிந்துபோகவில்லை. மெக்டொனால்ட் ரோட்டில், இன்றும் வேலை செய்யும் நிலையத்தோடு சேர்த்துப் புதிய ஸ்காட்லாந்து தீயணைப்பு மரபு மியூசியம் 2023-ல் திறந்தது.

அதாவது கட்டடத்தை விட்டார்கள், வீரர்களோடு போனார்கள். முதலில் கேட்டபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. குதிரை நின்ற இடத்திலிருந்து குதிரைச் சேணத்தைப் பிரித்தது போல. யோசித்துப் பார்த்தால், லாரிஸ்டன் கட்டடம் இடிபடவில்லை, நல்ல கையில் இருக்கிறது. சேகரிப்பு மூட்டை கட்டிக் கிடங்கில் போடப்படவில்லை, அது வேலை செய்யும் வீரர்களின் வாசலில் இருக்கிறது. இரண்டும் பிழைத்தன. பிரிந்தும் இரண்டும் பிழைக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

பிழைக்காமல் போகும் வழியும் உண்டு. லண்டனில் சதர்க் பகுதியில், தீயணைப்புப் படையின் புகழ்பெற்ற தலைவர் மாசி ஷா வாழ்ந்த வின்செஸ்டர் ஹவுஸில் படையின் மியூசியம் இருந்தது. இடம் விற்கப்பட, மியூசியம் 2015-ல் மூடப்பட்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தச் சேகரிப்புக்கு நிரந்தர வீடு அமையவில்லை. உலகின் மிக முக்கியமான தீயணைப்புச் சேகரிப்புகளில் ஒன்றுக்கு நேர்ந்தது இது. புதிய இடம் தயாரான பிறகே பழைய இடத்தைக் காலி செய்வோம் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் போதும். எந்த ஊராக இருந்தாலும் அந்த ஒரு வரியை எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதே லண்டனில் சில்டர்ன் ஸ்ட்ரீட்டில் 1889-ல் கட்டிய நிலையம் 2005-ல் மூடப்பட்டு, 2014-ல் சொகுசு ஹோட்டலாகத் திறந்தது. கட்டடத்தை நன்றாகவே புதுப்பித்திருந்தார்கள். 2025 பிப்ரவரி 14 அன்று அங்கே தீப்பிடித்தது. சுமார் 125 வீரர்கள் வந்து அணைத்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. பீட்சா அடுப்பிலிருந்து விழுந்த எரியும் விறகு காற்றுக்குழாயில் பற்றியதாகச் சொன்னார்கள். இதை வைத்து ஹோட்டல் ஆக்குவதே தவறு என்று நான் வாதிட வரவில்லை. நூற்றாண்டுக் கட்டடத்தை இடிப்பதைவிட ஹோட்டலாக நிற்பது மேல். ஆனால் வணிகச் சமையலறை, காற்றுக்குழாய், சுவருக்குள் மறைவான இடைவெளிகள் என்று பழைய கட்டடத்தில் ஏற்றும் ஒவ்வொரு புதிய பயன்பாடும் புதிய தீ அபாயத்தைக் கொண்டுவரும். அப்புறம், ஹோட்டலாகிவிட்ட நிலையத்துக்குள் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் போக முடியாது. ஊர்ப்பணத்தில் எழுந்த கட்டடத்தின் உள்ளே ஊர்ப்பிள்ளை போக முடியாமல் ஆவதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

ஆக, முடிவெடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் என்றால் முதலில் கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டு வாசலையும் தரையையும் அளக்கச் சொல்லுங்கள். நடுத்தர வண்டி ஒன்றாவது பாதுகாப்பாக உள்ளே நின்று வெளியே போக முடியும் என்றால் சிங்கப்பூர் வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வண்டி இருந்தாலும் போதும். நிலையம் நிலையமாகவே இருக்கும், பராமரிப்புச் செலவு துறையின் வரவுசெலவிலேயே வரும், மியூசியம் தனியாகக் கையேந்த வேண்டியதில்லை. வண்டி நுழையாது, ஆனால் பக்கத்தில் மனை கிடைக்கும் என்றால் மெல்போர்ன். இரண்டும் முடியாது என்றால் முழு மியூசியத்துக்கும் எடின்பரோ வழிக்கும் இடையில்தான் உண்மையான போட்டி.

அங்கே நான் பார்ப்பது பணத்தை. முழு மியூசியம் என்றால் கட்டடம் துறையின் பெயரிலோ நகராட்சியின் பெயரிலோ தொடர வேண்டும், ஆண்டுதோறும் ஒதுக்கீடு வர வேண்டும், சம்பளத்துக்கு ஒரு பராமரிப்பாளராவது வேண்டும். பெரிய துக்கத்தைத் தாங்கிய ஊர் என்றால், நியூயார்க் போல, அந்தச் செலவை யோசிக்காமல் செய்யலாம். மற்ற ஊர்களில் அந்த மூன்று நிபந்தனைகளில் ஒன்று உறுதியில்லை என்றாலும் கட்டடத்தை நல்ல பயன்பாட்டுக்கு ஒரு கல்வி நிறுவனத்திடம் கொடுத்துவிட்டுச் சேகரிப்பை வேலை செய்யும் நிலையத்துக்குக் கொண்டு போவதே மேல்.

எந்த வழியானாலும் கட்டட வேலைக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே தொடங்கக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அந்த நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களை அழைத்து, கட்டடத்துக்குள் நடக்கவிட்டு, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். எந்த ஆணியில் யாருடைய தலைக்கவசம் தொங்கியது, இரவில் மணி அடித்தால் யார் முதலில் கம்பத்தில் இறங்குவார், எந்த வண்டியின் கியர் மழையில் மக்கர் பண்ணும், எந்தத் தீக்குப் பிறகு யாரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். இதற்குத் தேவை ஒரு கைப்பேசியும் ஒரு பிற்பகலும்தான்.